காலைப் பெரட்டுப் படம்

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு நூலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். கண்காட்சிக்காகப் பழைய ரப்பர்த் தோட்டப் படங்கள் கேட்டிருந்தோம். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்த பால்மரத் தொழிலாளி ஒருவர், வேலைக்கு முன் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கும் படத்தைக் கொடுத்தார். அதில் இறந்துபோன அவர் மனைவியும் நின்றார். மனைவியின் வேறு படம் அவரிடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்.

"நன்கொடைத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களே அண்ணே. இனி இது நூலகத்துக்குச் சொந்தம்" என்றேன்.

படம் இருந்த கண்ணாடிப் பெட்டியின் சாவியும் என்னிடம் இல்லை.

சனிக்கிழமைதோறும் வந்து, கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிற்பார். ஒருநாள் கேட்டார்:

"நான் எடுக்கிற புத்தகத்த ரெண்டு வாரத்துல கொடுத்துடுறேன்லா. நீங்க மட்டும் ஏன் கொடுக்க மாட்டேங்கிறீங்க?"

அன்று எடுத்துப்போன புத்தகத்தை அவர் திருப்பித் தரவேயில்லை. சனிக்கிழமை வருவது மட்டும் தவறவில்லை. தவணை தாண்டியவர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அவருக்கு எழுதவில்லை.