ஒரு வாய் மிச்சம்

எங்கள் உணவகத்தில் மேஜைகள் குறைவு. தட்டுகள் பெரியவை, தட்டில் இருப்பதோ கொஞ்சம். சமைப்பது பிரெஞ்சு முறையில், ருசி மட்டும் ஆசியாவினுடையது. வெண்ணெய் சாஸில் எலுமிச்சைப்புல் மணக்கும், கேரமலில் இஞ்சி உறைக்கும். கேரமல் என் பாடு, நான் இனிப்புப் பிரிவு. சாஸ் அக்காவின் பாடு. அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே சாஸக்கா.

அந்த சாஸைப் போல ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. வெங்காயத்தையும் வினிகரையும் சுண்டக் காய்ச்சி, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் திரிந்துவிடும், ஆறினால் உறைந்துவிடும். கைக்குழந்தை தேவலை, அதுவாவது நடுவில் தூங்கும்.

அக்காவுக்கு ஒரே மகள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மாலையானால் அக்கா இங்கே, பெண் வீட்டில் தனியாக. மூடி வைத்ததைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாள். ஆனால் முழுக்கச் சாப்பிட மாட்டாள். எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்து, தட்டின் ஓரத்தில் ஒரு வாய் அம்மாவுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் படுப்பாள். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாளாம்.

சமையலறைத் தொலைபேசியில் அந்தக் குழந்தை கூப்பிடும்போது நான்தான் எடுப்பேன். "அம்மாவைக் கொஞ்சம் பேசச் சொல்றீங்களா?" என்று கேட்கும். அக்கா அடுப்பைவிட்டு நகராமலே, "சாஸை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லு" என்பாள். நானும் சொல்வேன்.

பெண் வளர்ந்தாள், கல்யாணமும் ஆனது. வரவேற்பு அன்று பார்த்துக் கடை நிரம்பி வழிந்தது. முதல் சுற்றை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்த அக்கா மண்டபத்துக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு அந்தப் பாத்திரம்தாம்மா பொண்ணு. நான் யாரோ" என்றாள் மகள். அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் இருப்பது ஒரே ஊர்.

அக்கா மகளின் எண்களை அழுத்துவாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவாள். சாப்பிட்டு முடித்த தட்டுகள் அவள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்த் திறப்பு வழியாகத்தான் உள்ளே வரும். ஒவ்வொன்றையும் எட்டிப் பார்ப்பாள். மிச்சத்தை வைத்தே உப்பு, புளிப்பைக் கண்டுபிடிக்கிறாள் என்று முதலாளி பெருமையடித்துக்கொள்வார். அவருக்கு என்ன தெரியும்? அவள் தேடியது தன் பெண்ணை. ஒருநாள் இங்கே சாப்பிட வரமாட்டாளா என்ற ஏக்கம்.

போன வாரம் ஒரு தட்டு வந்தது. ஓரத்தில் ஒரு துண்டு மீன், அதன்மேல் காய், அதன்மேல் கொஞ்சம் சாஸ். கச்சிதமாக ஒரு வாய்.

அக்காவின் கை நின்றது. "இது எந்த மேஜை?"

"ஜன்னலோரம். ஒரு பொண்ணு, தனியா வந்திருக்காங்க" என்றார் பரிமாறுபவர்.

வாடிக்கையாளர் இருக்கும்போது சமையலறை ஆட்கள் வாசல் திரையைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அக்கா என்னைப் பார்த்தாள்.

"போக்கா. நான் அடிக்கிறேன்."

"உனக்குக் கை வராது."

"வராட்டிப் போகுது. நீ போ."

போனாள். நான் ஒரு கையால் சாஸை அடித்துக்கொண்டே திரை இடுக்கில் பார்த்தேன். ஜன்னலோரத்துப் பெண் நிமிர்ந்தாள். வேறு யாரோ பெற்ற பெண்.

"நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. ஒரு வாய் மிச்சம் வச்சிருந்தியே, அதான்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு. வயிறு நிறைஞ்சிடுச்சு, அதனாலதான்."

வேடிக்கை பார்த்ததில் நான் கோட்டைவிட்டேன். அக்கா திரும்பி வந்தபோது வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்து மிதந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுட்டுப் போக முடியுதே" என்றாள். "திரிஞ்சா இவ்வளவுதானா?"

அடுப்பை அணைத்தாள். தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். இந்த முறை வைக்கவில்லை. அந்தப் பழைய தொலைபேசியில் பேசினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"அம்மாவா?" மகளின் குரல். "இந்த நேரத்துல எப்படி? அடுப்புல சாஸ் இல்லையா?"

"இருந்துச்சு. திரிஞ்சு போச்சு, போகட்டும். நீ சாப்பிட்டியா?"

மறுமுனையில் மகளும் வைக்கவில்லை. அக்கா இரண்டு கைகளாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி, "சாஸ் என்னாச்சு? அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லு" என்றார்.

"அவங்களால இப்ப வர முடியாது" என்றேன்.