கரண்ட் போன காலையிலும் நிற்காத துடிப்பு

எல்லோருக்கும் அவர் கரண்டக்காதான். பதினெட்டு வருடம் மின்துறையில் கம்பம் ஏறியவர். ஒருநாள் ஏணி சறுக்கி முழங்கால் போனது. அதன்பின் நாற்பத்தாறாவது வயதில், ஊருக்கு வெளியே இருந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வானத்தைப் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் மழை வருமா வராதா என்பதுதான்.

வேலை, இரைச்சல் பிடிப்பது. தொலைநோக்கியின் பெரிய தட்டு வானத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும்போது, ஊரில் ஓடும் ஒவ்வொரு இயந்திரமும் குறுக்கே கத்தும். கூரையில் ஆன்டெனா வைத்த வேனில் சுற்றி, எங்கிருந்து கத்துகிறது என்று கண்டுபிடித்து அதன் வாயை அடைக்க வேண்டும். அவரிடம் முதலில் மாட்டியது அவர் கணவரின் முடிதிருத்தும் கடை மெஷின். “பொண்டாட்டி கையாலேயே புடிபட்டேன்” என்று கணவர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அடைக்க முடியாத இரைச்சல்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் இருப்பதைக் கணினி தானாகவே வெட்டி எறிந்துவிடும். யார் கண்ணிலும் படாது. கரண்டக்கா அந்தப் பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தபோது ஓர் இடத்தில் நின்றார். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ எழுதியது: ‘வினாடிக்குப் பத்துத் துடிப்பு. மின்கம்பி இரைச்சல். வந்து வந்து போகும்.’

மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். பத்து என்பது அதில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அவருக்குத்தான் உறுத்தியது. ஆலைகள் ஓடத் தொடங்கினால் மின்சாரத்தின் துடிப்பு கொஞ்சம் தளரும், நின்றால் ஏறும். அதை அவர் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறார். வெட்டப்படாத பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். இந்தத் துடிப்பு இம்மியும் ஆடவில்லை.

மூன்று வாரம் டிரான்ஸ்பார்மர் டிரான்ஸ்பார்மராக அலைந்தார். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு பழைய பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது, அது செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டுமே வருவது தெரிந்தது. அந்த இரண்டு நாளும் தொலைநோக்கி ஒரே ஒருவர் கையில்தான் இருக்கும். நேராக மாடியேறி அந்த ஆராய்ச்சியாளரின் கதவைத் தட்டினார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க இருக்கிற நாள்ல மட்டும் ஒரு இரைச்சல் வருது.”

“என்கிட்ட இருந்தா?”

“அதத்தான் பாக்கணும். கெட்டில், கடிகாரம், போன் எல்லாத்தையும் குடுங்க.”

அந்த அம்மாள் சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கெட்டிலும் இல்லை, கடிகாரமும் இல்லை. துடிப்பு மட்டும் இருந்தது.

“நீங்க எதப் பாக்குறீங்க மேடம்?” என்று கரண்டக்கா அன்றுதான் கேட்டார்.

ஆராய்ச்சியாளர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். கிழிந்த பஞ்சு போல ஒரு நெபுலா. என்றோ வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம். “இது எப்பவோ மங்கிப் போயிருக்கணும் அக்கா. இன்னும் பிரகாசமா இருக்கு. உள்ள ஒரு பல்சர் இருந்தே ஆகணும். ஒரு ஊர் அளவுதான் இருக்கும், ஆனா சூரியனை விட கனம். பம்பரமாச் சுத்தி, சுத்திலும் காத்து மாதிரி துகள்களை அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுலதான் இந்த மேகம் எரியுது. பதினோரு வருஷமாத் தேடறேன். கெடைக்கல.”

“சுத்தும்போது எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு துடிப்பு.”

கரண்டக்கா கையிலிருந்த பதிவைத் திருப்பி, ‘வினாடிக்குப் பத்து’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய கூட்டாளிகளைக் கெஞ்சி, வட்டாரம் முழுவதற்கும் பராமரிப்பு மின்தடை வாங்கினார் கரண்டக்கா. நிலையத்தின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். விளக்குகள் அணைந்ததும் கணவருக்குப் போன் போட்டார்.

“கடையில கரண்ட் போச்சா?”

“போச்சு. ஒருத்தர் பாதித் தலையோட உக்காந்திருக்கார். எப்ப வரும்னு கேக்கறார்.”

“இருக்கச் சொல்லுங்க.”

அன்று பட்டியலை அணைத்து வைத்திருந்தார்கள். திரையில் கோடு தட்டையாக ஓடியது. நிமிடங்கள் சேரச் சேர, துடிப்பின் மேல் துடிப்பாகக் கணினி கூட்டிக்கொண்டே போக, நடுவில் ஒரு முனை மெல்ல எழுந்தது. ஊரில் ஒரு கம்பியிலும் மின்சாரம் இல்லை. வினாடிக்குப் பத்து.

“தட்டைக் கொஞ்சம் நகத்துங்க” என்றார் கரண்டக்கா. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

நகர்த்தினார்கள். முனை படுத்துவிட்டது. மீண்டும் நெபுலாவை நோக்கித் திருப்பினார்கள். மறுபடி எழுந்தது. ஆராய்ச்சியாளர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட மறந்தார்.

“இத்தனை நாளா நாமளே வெட்டிப் போட்டிருக்கோம் அக்கா.”

“இனிமே வெட்ட வேண்டாம் மேடம்.”

எட்டு மாதம் விடாமல் அளந்தார்கள். பல்சரின் சுழற்சி துளித்துளியாகத் தளர்ந்துகொண்டிருந்தது. அப்படி அது இழக்கும் சக்தியைக் கணக்கிட்டால், அந்த மேகம் முழுவதும் எரிவதற்குத் தாராளமாகப் போதும். கட்டுரை தயாரானது. தொழில்நுட்ப ஊழியர்களுக்குக் கடைசியில் நன்றி சொன்னால் போதும், அதுதான் வழக்கம் என்றது அலுவலகம். “அவங்க பேர் மேல வரலன்னா இந்தக் கட்டுரையே வராது” என்று ஆராய்ச்சியாளர் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். இரண்டே நாளில் அலுவலகம் இறங்கி வந்தது. கரண்டக்காவின் பெயர் இரண்டாவதாக அச்சானது. கணவர் அந்தப் பக்கத்தைக் கடைக் கண்ணாடிக்கு மேல் மாட்டினார். தலையைக் குனிய வைத்து முடி வெட்ட வேண்டிய நேரத்திலும், நிமிர்ந்து அதைப் பார்க்கச் சொன்னதாகப் புகார் உண்டு.

அறிஞர்கள் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். கம்பம் ஏறியதைவிட அந்த மேடை ஏறுவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. மின்சாரம் எப்படி ஆடும், இது எப்படி ஆடவில்லை என்று எட்டு நிமிடம் சொன்னார். முடித்ததும் முன்வரிசை எழுந்தது. பிறகு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

திரும்பி வந்ததும், பட்டியலில் மிச்சமிருந்த இருநூற்றுப் பதின்மூன்று வரிகளையும் புதிதாகச் சோதிக்கத் தொடங்கினார். பெரும்பாலானவை வெல்டிங் கடைகளும் பழைய பம்புகளும்தான். நூற்று முப்பத்தொன்றாவது வரி அப்படி இல்லை. வினாடிக்கு மூன்று துடிப்பு, வேறொரு நெபுலா இருக்கும் திசையிலிருந்து. இந்த முறை அவர் மாடியேற வேண்டியிருக்கவில்லை. போனில் விஷயத்தைக் கேட்ட ஆராய்ச்சியாளர் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே கரண்டக்காவின் பட்டறைக்கு ஓடி வந்தார்.