பீப்பாய் என்றால் பீப்பாய்தான்

பீப்பாய் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் மனைவி இன்றைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவாள். சிரிப்பை அடக்க முடியாது அவளுக்கு. எனக்கு மட்டும் முடியுமா? எங்கள் கல்யாணமே அந்த ஒரு சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் உருண்டிருந்தால் போயே போச்சு!

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். போவது வருவதெல்லாம் தோணியில்தான். கப்பல்களுக்குக் காய்கறி, கயிறு, சோப்பு என்று சகலமும் அனுப்புகிற கடையில் நான் குமாஸ்தா. எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் தோணி ஓட்டும் தண்டல். எங்கள் கடைச் சரக்கு அவர் தோணியில்தான் ஏறும். "தோணியில கால வச்சதும் வாந்தி எடுக்குத பயலுக்கா எம் பொண்ணக் குடுப்பேன்?" என்று கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். வாந்தி உண்மைதான். அதற்கு நான் என்ன செய்ய?

இதில் கொடுமை, ஊரோடு சேர்ந்து நானும் அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அண்ணன் மகள் எனக்கு மகள் முறை ஆகிவிடுமே! ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசும்.

அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "அவுகளுக்கு வெள்ளக்காரன் பாஷை நாலஞ்சு தெரியும்ப்பா" என்று அப்பாவிடம் அளந்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ். ஆனால் எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை பேச்சுவாக்கில், மேசை, சாவி, சன்னல், அலமாரி, பீப்பாய் எல்லாம் போர்ச்சுக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்றார். அப்படியானால் நான் தொட்டிலிலிருந்தே போர்ச்சுக்கீசு பேசுகிறவன்தானே! அன்றிலிருந்து மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். தண்டல் நம்பவில்லை. "கப்பல்ல வச்சுப் பாப்போம்லே ஒன் பாஷய" என்றார். அதில் தேறினால் பெண், தேறாவிட்டால் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் இத்தாலிக் கப்பல் ஒன்று வந்தது. அதிலிருந்து மாலுமி ஒருவன் எங்கள் கடைக்கு ஓடிவந்தான். "பீப்பா! கப்பித்தானோ! பீப்பா!" என்றான். ஒரு கையைக் கிண்ணம்போலக் குவித்துக் காட்டினான். பிறகு தன் வாயைச் சுட்டிக்காட்டினான். உருண்டை, வாய், பீப்பா. இதற்கு மேல் என்ன வேண்டும்? கப்பல் தலைவரான கப்பித்தானுக்குக் குடிதண்ணீர் பீப்பாய் வேண்டும்! அச்சு அசல் என் அம்மா உச்சரிப்பதுபோலவே சொன்னான் அந்தப் பிள்ளை. "புரிஞ்சிட்டு, புரிஞ்சிட்டு" என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் நிம்மதியாகக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டான்.

கடையிலிருந்த பெரிய மரப் பீப்பாயைத் தெருப் பைப்படியில் வைத்து நிரப்பினோம். வரிசையில் நின்ற பெண்கள் என் வம்சத்தையே திட்டினார்கள். திட்டட்டுமே! தண்டலின் தோணியில் ஏற்றி, நானும் பெருமையாக ஏறி உட்கார்ந்தேன்.

பீப்பாய் சங்கிலியில் தொங்கிக் கப்பல் தளத்தில் இறங்கியது. பின்னாலேயே நானும் தண்டலும் கயிற்றேணியில் ஏறினோம். கப்பித்தான் வந்தார். பீப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பீப்பா?" என்றார்.

"பீப்பா!" என்றேன் பல்லெல்லாம் தெரிய.

அவர் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. அவருடைய சுங்கான் கடலில் விழுந்துவிட்டதாம். புகையிலை அடைத்து இழுப்பாரே, அதுவேதான். இத்தாலியில் பீப்பா என்றால் சுங்கான்! புகையில்லாமல் மனுஷன் கொதித்துக்கொண்டிருந்தார். சேசுவே, நான் தண்ணீரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

கப்பலில் இருந்த மற்றவர்களுக்கோ கொண்டாட்டம். போர்ச்சுக்கீசு மாலுமி ஒருவன் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இதுதான் பீப்பா, பையன் சொன்னது சரி!" என்று குதித்தான். ஸ்பெயின்காரச் சமையல்காரர் பைக்குள்ளிருந்து சூரியகாந்தி விதையை அள்ளிக் காட்டி, "இதுதான் பீப்பா, கொறிக்கிறது" என்றார். ஜெர்மன் எஞ்சினியர், தங்கள் ஊரில் அது "ப்பைஃபே" என்று சொல்லிக் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். எல்லாம் கைச்சாடையும் உடைந்த இங்கிலீஷும்தான்.

வானொலிக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் சாமியாருக்குப் படித்தவராம். அவர்தான் வழக்கைத் தீர்த்தார். லத்தீனில் கோழிக்குஞ்சு கத்துவதற்குப் பெயர் "பீப்பாரே"யாம். குஞ்சின் கத்தல் ஊதுகுழலுக்குப் பெயராச்சு, ஊதுகுழல் வெறும் குழலாச்சு. பிறகு அந்தக் குழல் ஒரு வீட்டில் சுங்கான், ஒரு வீட்டில் விசில், இங்கிலீஷ்காரன் வீட்டில் தண்ணீர் பைப்பு, போர்ச்சுக்கீசுக்காரன் வீட்டில் பீப்பாய். "அப்போ என் விதை?" என்று சமையல்காரர் கேட்டார். அது வேறு வீட்டுப் பிள்ளை, பெயர் மட்டும் ஒன்று என்றார் வானொலிக்காரர்.

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் எங்கள் தெருப் பைப்பும், அதில் நிரப்பிய பீப்பாயும் ஒரே கோழிக்குஞ்சா! நான் என்னை மறந்து "பீ... பீ..." என்று கத்திவிட்டேன். எஞ்சினியரும் கத்தினார். அப்புறம் தளம் முழுக்கக் கோழிக்குஞ்சுகள்தான்.

கப்பித்தான் மட்டும் சிரிக்கவில்லை. என் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, "ஸ்துபிதோ! முட்டாள்!" என்று இங்கிலீஷிலும் இத்தாலியிலும் பொரிந்து தள்ளினார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் திட்டுக்காக அல்ல. பின்னால் தண்டல் நின்றுகொண்டிருந்தார்.

தண்டல் முன்னால் வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கப்பித்தானின் விரலைத் தட்டிவிட்டார். "ஏலே, பீப்பாய்ன்னா பீப்பாய்தாம்லே! ஒங்க ஆளுவதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாவ? இப்பம் மாத்திப் பேசுதியா? எம் மருமவன முட்டாள்னு சொல்ல நீ யாருலே?"

"என்ன சொல்கிறார்?" என்று கப்பித்தான் என்னைக் கேட்டார். அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். "நான் அவருடைய சன்-இன்-லாவாம்!" என்று கப்பல் அதிரக் கத்தினேன். அவ்வளவுதான், எல்லோரும் கைதட்டினார்கள். கப்பித்தானும் கடைசியில் சிரித்துத் தண்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் விற்காமல் கிடந்த சுங்கானைச் சாயங்காலத்துக்குள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு, பீப்பாயோடு இறங்கினோம்.

தோணியில் மெல்ல ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, கப்பல்ல மருமவன்னீகளே..."

"எந் தங்கச்சி மவனும் எனக்கு மருமவன்தான். தெருவுல பாதிப் பய மருமவன்தான். கோவத்துல வாயில வந்துட்டு" என்றார், கடலைப் பார்த்தபடி.

அட ஆண்டவரே, இந்தச் சொல்லுக்குமா இத்தனை வீடு! எந்த வீட்டு மருமகன் நான்? அதுவரை எட்டிப் பார்க்காத வாந்தியும் வந்தே விட்டது. தோணி ஓரத்தில் குனிந்தவன் கரை வரும்வரை நிமிரவில்லை.

கரையில் இறங்கி, "சரி அண்ணாச்சி, வாரேன்" என்றேன்.

"அண்ணாச்சியாம்ல அண்ணாச்சி! மாமனார எவனாவது அண்ணாச்சிம்பானா?" என்று சீறினார். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஒம்ம அப்பாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாரும்."

வாரும்! அதுவரை என்னை "வாலே", "போலே" என்று விரட்டிய வாயிலிருந்து வந்த சொல் அது. அந்தச் சொல்லுக்கு எந்த ஊரிலும் வேறு அர்த்தமில்லை.

"சரி மாமா" என்றேன்.

"அந்தப் பீப்பாயப் பத்திரமா வச்சிரும்" என்றார் மாமா. "பந்திக்குத் தண்ணி வைக்க ஆவும்."