ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த சிலிண்டர்

கல்யாண வீட்டில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், "ஒயின் செய்யிற எடத்துல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். கேட்டவர் அப்புறம் என்னோடு பேசுவதற்கு முன் சுற்றும் முற்றும் பார்ப்பார். பார்த்துக்கொள்ளட்டும். திண்டுக்கல்லில் பதினெட்டு வருடம் வேதியியல் நடத்திவிட்டு, பள்ளிக்கூட நிர்வாகத்தோடு சண்டை போட்டு வெளியே வந்தவள் நான். இந்த வேலையில் எனக்கு வெட்கம் கிடையாது, கொஞ்சம் திமிர்தான் உண்டு.

நாங்கள் செய்வது கிறிஸ்தவக் கோயில்களில் திருப்பலிப் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசம். வத்தலக்குண்டு ரோட்டில், முறையான லைசென்ஸோடு நடக்கும் சின்ன இடம். பொறுப்பு ஒரு கத்தோலிக்கச் சாமியார். வேலைக்கு நானும் நாலு பெண்களும்.

அந்த வருடம் பழம் பழுக்கும் நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. பாதிக் குலைகள் கொடியிலேயே வெடித்துப்போயின. பெரிய ஸ்டீல் தொட்டி பாதிதான் நிறைந்தது. மேலே மிச்சமெல்லாம் காற்று. காற்று பட்டால் ஒயின் முதலில் பழுப்பாகும், பிறகு காடியாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு எங்களை நம்பியிருக்கும் அத்தனை கோயில்களுக்கும் அந்த ஒரு தொட்டிதான் இருந்தது.

நைட்ரஜன் வாங்கி, காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை நிரப்பலாம் என்றேன். சாமியார் நெற்றியைச் சுருக்கினார்.

"பூசை ரசத்துல எதையும் கலக்கக் கூடாதும்மா. திருச்சபைச் சட்டம் அப்படி."

"கலக்கல சாமி. மேல சும்மா நிக்கும். நீங்க இப்ப இழுக்குற மூச்சுல முக்காவாசி அதுதான்."

அவர் மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தார். "சரி, செய்யிங்க. புளிச்சுப்போச்சுன்னா அத்தனை கோயிலுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சாமி."

வாய்தான் அப்படிச் சொன்னது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன்.

நாகல் நகரில் லேத் பட்டறைகளுக்கும் வெல்டிங் கடைகளுக்கும் கேஸ் கொடுக்கும் அண்ணன் ஒருவர் மாதாமாதம் நைட்ரஜன் அனுப்பினார். தினமும் காலையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், வாயில் வைத்துத் துப்புவேன். மூன்று மாதம் அந்தச் சிவப்பு அப்படியே நின்றது. ஆத்தாடி, என்னா நிறம்! என் பிள்ளை பத்தாவதில் வாங்கிய மார்க்குக்குக்கூட நான் அம்புட்டு சந்தோஷப்படவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம், பாட்டிலில் அடைக்கத் தொடங்குவதற்கு முந்தின நாள், புது சிலிண்டர் வந்தது. பளபளவென்று நைட்ரஜனுக்குரிய சாம்பல் நிறப் பெயின்ட், சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்திச் சரம். மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியது. பழைய சிலிண்டர் காலி, முள் பூஜ்யத்தில் நின்றது. ரெகுலேட்டரை எடுத்து மாட்டினேன். நட் ஏறவில்லை.

"பெயின்ட் அப்பியிருக்கும்மா. அடாப்டர் இருக்கு, போட்டுத் தாரேன்" என்றார் வேன் டிரைவர்.

"போடச் சொல்லுங்கம்மா, நேரமாகுது" என்றார் சாமியார்.

ஒரு வாயுவின் ரெகுலேட்டர் இன்னொன்றில் மாட்டக் கூடாது என்றுதான் சிலிண்டர் வாயைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். ஏறவில்லை என்றால் உள்ளே இருப்பது நைட்ரஜன் இல்லை. "போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருசமா கடை நடத்துறேன் டீச்சர். பூஜை போட்டு அனுப்புன சாமானு. என் கடைல தப்பு வருமா?"

"வந்து பாருங்கண்ணே."

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்தார், கோபத்தோடு. நான் முற்றத்துக்கு வெளியே, தள்ளி, காலிப் பாட்டில் ஒன்றில் அந்த வாயுவைப் பிடித்து வாயை மூடி வைத்திருந்தேன். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, தீயை ஊதி அணைத்தேன். கனன்றுகொண்டிருந்த நுனியைப் பாட்டிலுக்குள் விட்டேன். பக்கென்று பிடித்து எரிந்தது. பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிய சோதனை. ஆக்ஸிஜன்!

சாவியால் பெயின்டைச் சுரண்டினேன். சாம்பலுக்கு அடியில் ஆக்ஸிஜனுக்குரிய கறுப்பு. வெயிலில் நின்று நிறம் போன சிலிண்டர்களைக் கடை ஆட்கள் பூஜைக்காக ஒரே டப்பாப் பெயின்டில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அடாப்டர் போட்டிருந்தால், ஒயினைக் கெடுக்கும் அதையே தொட்டி நிறைய ஏற்றியிருப்போம். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

கடைக்காரர் முகம் மட்டும் செத்துப்போனது. "டீச்சர், இதே மாதிரி ஒண்ணு காலைல வத்தலக்குண்டுக்குப் போயிருக்கு. ஏசி மெக்கானிக்குக்கு."

என் குதியாட்டம் நின்றது. குழாயில் கசிவு பார்க்க ஏசிக்காரர்கள் நைட்ரஜனை அழுத்தி ஏற்றுவார்கள். குழாய்க்குள் எண்ணெய் இருக்கும். அதில் ஆக்ஸிஜன் அந்த அழுத்தத்தில் போனால் வெடிக்கும், ஆள் மிஞ்ச மாட்டான்.

"போனப் போடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை எடுத்ததும் கடைக்காரர் அலறினார். "அந்த சிலிண்டரத் தொறக்காதப்பு! தொறக்காத!"

ஸ்பீக்கரில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "நட் ஏறலண்ணே. அடாப்டர் வாங்கி மாட்டிட்டேன். இப்பத்தான் தொறக்க ஸ்பேனரக் கைல எடுத்தேன்."

நான் போனைப் பிடுங்கி, அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் நல்ல நைட்ரஜன் வந்தது. ஒயினும் கெடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பக்கத்துக் கோயில்களில் பீடத்தில் இருந்தது நான் காப்பாற்றிய ரசம். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது.

மெக்கானிக் மறுநாளே என்னைத் தேடி வந்தார். முப்பது வயது இருக்கும். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வீட்ல சொல்லல டீச்சர். மாசமா இருக்கா. நீங்களும் சொல்லிறாதீங்க."

ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் எனக்கு இப்படி ஒரு தண்டனை! ஆனாலும் அவர் பிழைத்த கதையை மட்டும் இன்றுவரை ஊருக்குள் சொல்லவில்லை. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் கேக்கோடு வருவார். போன தடவை மனைவியும் கூட வந்திருந்தாள், இடுப்பில் பெண் குழந்தை.

"ஒயினுக்காரங்க வீட்டுக்கு இவரு எதுக்குத் தவறாம வாராருன்னு எனக்கு ஒரே சந்தேகம் டீச்சர்" என்று சிரித்தாள். "ஏதாச்சும் ஊத்திக் குடுக்குறீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு சொட்டு குடுத்ததில்லம்மா" என்றேன்.