எட்டடி என்று எழுதிய சந்து

அரசாங்கம் நம்மைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது, நம்மை வீட்டைவிட்டு வெளியே கிளப்பத்தான் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, "உங்கள் பகுதிக்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று மைக்கில் கேட்பார்கள். நாமும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்போம். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கமாக ஒரு புல்டோசர் வந்து காலனியை வழித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. வார்டுதோறும் ஜனங்களைக் கூட்டி, அவர்கள் வாயாலேயே திட்டம் போடவைத்த காலம். எங்கள் வார்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரேஷன் கார்டு, கரண்டு பில், கல்யாணப் போட்டோ, மிக்சி ஜார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். மிக்சி பைக்குள் அடங்கவில்லை. ஜாராவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். மனைவியை வீட்டுக்குள் இருந்து தாழ்போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆள் இருக்கிற வீட்டை இடிக்கமாட்டார்கள் அல்லவா?

"அப்போ இடிபட நான், கூட்டத்துக்கு நீங்களா?" என்றாள்.

"என்ன பேசுதாங்கன்னு பாத்துட்டு வந்திருதேன்."

"மிக்சி ஜாரு எதுக்கு? அங்க சட்னி அரைக்கப் போறீங்களோ?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் காலனி, மலையாளத்து ஊரில் சாலை என்று பெயருள்ள பஜாருக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி இருந்தது. ஒரே சந்து, இரண்டு பக்கமும் வீடுகள். பெரும்பாலும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஹோட்டல் வேலை, சுமை வேலை, கொத்து வேலை. நான் பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சேல்ஸ்மேன். எல்லா வீட்டுக்கும் காகிதம் உண்டு. ஆனால் காகிதத்தில் இருக்கிற வீட்டைவிட நேரில் நிற்கிற வீடு பெரியது.

அதற்குக் காரணம் ஓணம். ஓண விடுமுறையில் ஊர் முழுக்கப் பூக்களம் போடும். ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கும். என்ன செய்கிறாய் என்று எட்டிப் பார்க்க ஓர் அதிகாரி வரமாட்டார். எங்கள் சந்தில் அப்போதுதான் செங்கல் இறங்கும். ஒவ்வொரு ஓணத்துக்கும் யாராவது ஒருவர் வீட்டு முன்சுவர் ஓரடியோ ஒன்றரை அடியோ முன்னால் நடந்து வந்துவிடும். ஓணத்தன்று தன் ஜனங்களைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மாவேலி ராஜா, போன வருஷம் நடந்துபோன வழி எங்கே என்று திகைத்து நின்றிருப்பார். என் சுவர் இரண்டரை அடி நடந்தது. சந்திலேயே அதுதான் ரெக்கார்டு.

அந்த இரண்டரை அடியில் என் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. தெருவெளிச்சம் விழுகிற ஒரே இடம். கடைச் சம்பளம் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கும்போது, அந்த மெஷின்தான் எங்களைக் கரை சேர்த்தது. அது போனால் என் நகைச்சுவையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது எனக்கே தெரியும்.

ஆரம்பத்தில் எட்டடியாக இருந்த சந்து, என் வீட்டு வாசலில் ஐந்தடியாகிவிட்டது. அந்த ஐந்தில் ஒன்றரை அடி திறந்த சாக்கடை. மிச்சத்தில் ஆள் நடக்கலாம். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக நிற்க வேண்டும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை இறங்கினால் சாக்கடை எழுந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டத்துக்குப் புல்டோசர் வரவில்லை. ஒரு சின்ன வயது ஓவர்சியர் அம்மாதான் குடையோடு வந்தார். "உங்க காலனியை உங்களைவிட நல்லா யாருக்கறியும்? அளந்து, ஒரு மேப் நீங்களே வரைஞ்சு தரணும். அதை வெச்சுத்தான் பிளான்" என்றார்.

என் எதிர்வீட்டு அக்கா எழுந்தார். ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை பார்ப்பவர், அயல்கூட்டம் என்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவுக்குச் செயலாளர். "படம் நாங்க போடுதோம். கோலப்பொடி போதும். அளக்க டேப்பு இந்தத் தம்பி கடையில உண்டு" என்று என்னைக் காட்டினார். மொத்த மைதானமும் திரும்பிப் பார்த்தது. நான் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜாரின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன தம்பி பையில?"

"முக்கியமான ரெக்கார்டுக்கா."

அடுத்த ஞாயிறு அளக்கக் கிளம்பினோம். டேப்பின் ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையும் நோட்டும் என்னிடம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டீ கொடுத்தார்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றார் ஒருவர். "நம்ம சுவரு முன்னால வரல்ல, கேட்டியளா? சந்துதான் உள்ள தள்ளிப் போச்சு" என்றார் இன்னொருவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ஏழாவது டீயில் நான் அந்தக் காலனியின் ராஜாவாகிவிட்டேன். எட்டாவது என் வீடு.

டேப்பை இழுத்தேன். ஐந்து. ஐந்து என்று எழுதினால் ஏன் ஐந்து என்று கேட்பார்கள். அப்புறம் சுவர், அப்புறம் வீட்டுக் காகிதம், அப்புறம் எந்த ஓணம் என்ற விசாரணை. கடைசியில் புல்டோசர். என் மனசுக்குள் அது இன்னும் என்ஜினை அணைக்கவே இல்லை.

அக்கா என் சுவரின் மூலையில் நின்றிருந்தார். அந்த மூலையை நான் பார்ப்பதில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு மழைக் காலையில் அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆட்டோ சந்துக்குள் வராது. என் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம். இந்த மூலையில் நாற்காலி அடங்கவில்லை; அந்தப் பக்கம் சாக்கடை. நாற்காலியைச் சரித்துத்தான் கடத்த வேண்டியிருந்தது. விழுந்துவிடாமல் இருக்க அவர் என் சுவரை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரவில்லை. இங்கே தாமதமான அந்த ஒரு நிமிஷத்தால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. அக்காவும் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

"எவ்வளவு தம்பி?"

"எட்டு" என்றேன்.

அவர் டேப்பைக் குனிந்து பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்தான். "எட்டுதானே? அழுத்தி எழுது. அழியாம இருக்கட்டும்."

அக்கா என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில், முன்னால் எழுதியதையும் திருத்தி, சந்து முழுக்க எட்டு என்றே எழுதினேன். ஏழு வீட்டு டீக்கும் அதுதான் நியாயம்.

பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் காலனியை வரைந்தார்கள். வீடுகள் செங்கல் பொடியில், சாக்கடை நீலப் பொடியில், சந்து வெள்ளைக் கோலமாவில். ஓர் இடத்திலும் வளையாமல், எட்டடிக்கு நூல் பிடித்தாற்போல ஓடியது. அப்படி ஒரு சந்தில் குடியிருக்க எனக்கே ஆசையாக இருந்தது. "எத்ர நல்ல வழி!" என்று சொல்லிக்கொண்டே ஓவர்சியர் அம்மா அதைப் பேப்பரில் பிரதி எடுத்தார். இனி இது ஒரு ஃபைலுக்குள் போய்த் தூங்கும், பக்கத்திலேயே என் பொய்யும் படுத்துக்கொள்ளும் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஃபைல் தூங்கவில்லை. சில மாதத்தில் பிளான் வந்துவிட்டது. சாக்கடையைக் கட்டி மேலே ஸ்லாப் மூடுவது, சந்துக்குத் தளம் போடுவது, ஆட்டோ உள்ளே வருகிற மாதிரி. வேலையை நடத்தப்போவதும் காலனிக் கமிட்டிதான். ஒரு காலையில் கயிறு பிடித்து, எட்டடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் கோடு ஓரடி, ஒன்றரை அடி சுவருக்குள் போய் ஒளிந்து, அடுத்த வீட்டில் தலை காட்டியது. என் வீட்டுப் படியில் ஏறி, சுவரில் முட்டி நின்றது.

ஓவர்சியர் அம்மா மேப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேட்டா, மேப்பில் இங்க வீடில்லல்லோ. வழியல்லே உள்ளது?"

"மேடம், அது வந்து..."

"நீங்கதானே அளந்தது?"

"டேப்பு கொஞ்சம் பழசு மேடம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மேப்பைத் திருத்தலாம். அஞ்சடின்னு எழுதிக்கலாம். பக்ஷே அஞ்சடியில் இந்த வேலை நடக்காது. ஓடை இப்படியே கிடக்கும், ஆட்டோ வராது. இந்தப் பணி வேற சந்துக்குப் போகும். ஒரு ஆழ்ச்ச டைம். நீங்களே தீருமானிங்க." ஒரு வாரம் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. பஜாரில் ஒரு பிள்ளையார் படம் வாங்கிவந்து முன்சுவரின் வெளிப்பக்கம் ஆணியடித்து மாட்டினேன். சுவருக்கு மஞ்சள், குங்குமம், கீழே ஒரு அகல். சாமி இருக்கிற சுவரில் எவன் கடப்பாறை வைப்பான்?

அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் நின்றார். "இவரு எப்போ வந்தாரு?"

"ரொம்ப நாளா இங்கதான இருக்காருக்கா. நீங்க கவனிக்கல்ல."

"விலை ஸ்டிக்கரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கே."

நான் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன்.

"நம்ம பொய் நம்மளோட போகட்டும் தம்பி. அவரையும் கூட்டுச் சேக்காத."

"நீங்கதானக்கா அன்னைக்கு எட்டுன்னு அழுத்தி எழுதச் சொன்னீங்க? டேப்புல அஞ்சுன்னு உங்களுக்கும் தெரியுமே!"

"அஞ்சுன்னு எழுதியிருந்தா அஞ்சடிக்குத்தானே பிளான் வந்திருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் எல்லாரும் சந்தில் கூடினார்கள். கூடினார்கள் என்றால் அவரவர் சுவர்மேல் சாய்ந்து நின்றார்கள். கோடு எல்லாருடைய வீட்டையும் தின்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், எழுதிய கை என்னுடையது. நான் தொண்டையைச் செருமினேன். "டேப்பை நான்தான் பொய்யாப் படிச்சேன். என் சுவரைக் காப்பாத்தத்தான் அப்படி எழுதினேன்" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு எப்பவும் வெளையாட்டுதான்!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். எத்தனையோ வருஷம் அந்தச் சந்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய சிரிப்பு எந்த ஜோக்குக்கும் கிடைத்ததில்லை. பயந்த போதெல்லாம் ஒரு வேடிக்கை பேசித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். தப்பிக்க வேண்டாம் என்று நினைத்த அன்றும் அதே வழியில் வெளியே தள்ளிவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அக்கா சிரிக்கவில்லை. உள்ளே, தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஏங்க, இதை ஒரு கை பிடிங்க."

போய்ப் பார்த்தேன். பாதி தைத்த பிளவுஸை எடுத்து மடித்துவிட்டு, மெஷினை முன்பக்கத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கால் சிமெண்டில் கீச்சிட்டது.

"எங்க வைக்கது?" என்று கேட்டேன்.

"கட்டில் இருக்க எடத்துல."

"கட்டிலு?"

"வித்துருவோம். பாயில படுத்தா முதுகு நேராகும்னு சொல்லுவாங்க. பேச்சும் நேராகுதான்னு பாப்போம்."

"வெளிச்சம் வராதே உனக்கு."

மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையாரைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு, கொத்து வேலைக்காரர் ஒருவரிடம் கடப்பாறை வாங்கி, என் முன்சுவரை நானே இடித்தேன். சுலபமாகத்தான் விழுந்தது, ஓண அவசரத்தில் போட்ட சாந்து. எதிரே அக்கா, அரையடி நீட்டியிருந்த துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்தார். மத்தியானத்துக்கு மேல் இன்னும் மூன்று வீடுகளில் சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஒரு மாதம் இழுத்தார்கள்.

சந்து எட்டடி ஆனது, ஓர் இடம் தவிர. முனைவீட்டுக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே ஆறேகால் அடிதான். ஸ்லாப் போட்ட பிறகு வந்த மழையில் பள்ளத்தில் இருந்த இரண்டு வீடுகளில் மட்டும் தண்ணீர் ஏறியது, மற்ற வீடுகளில் ஏறவில்லை. என் மனைவிக்குப் பகலிலும் பல்பு வேண்டியிருந்தது. முதல் ஆட்டோவில் அக்கா ஓர் அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். திரும்ப இடமில்லாததால் அந்த ஆட்டோ பெரிய ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போனது.