வாழைப்பழத்தோடு ஒரு ஸ்பானிஷ் சோதனை

தட்டெழுத்துப் படிக்கப் போன நான் ஸ்பானிஷ் படித்ததற்கு என் வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, சவர்க்காரம் கிடைப்பது அருமை, மண்ணெண்ணெய் அதைவிட அருமை. ஆனால் வகுப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் நீர்வேலிக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், தட்டெழுத்து என்று ஒவ்வொரு அறையிலும் ஒரு வகுப்பு நடக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு வாழைத் தோட்டத்தில் நின்ற நான், ஒரு தொழிலாவது கையில் இருக்கட்டும் என்று தட்டெழுத்துக்குப் போனேன்.

எந்த அறை என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்த ஓர் அறைக்குள் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். தட்டெழுத்து இயந்திரம் ஒன்றையும் காணவில்லை. பிறகு கொண்டுவருவார்களாக்கும் என்று நினைத்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு கன்னியாஸ்திரி வந்தார். கரும்பலகையில் எனக்கு விளங்காத எதையோ எழுதி, எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "ஓலா!" என்றார்.

எழும்பி வெளியே போவதற்கும் வெட்கமாக இருந்தது. அதனால் நானும் மற்றவர்களோடு சேர்ந்து, உதடு மட்டும் அசைய, "ஓலா" என்றேன்.

வீட்டில் இதைச் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"தட்டெழுத்து எண்டுதானே போனனீ?"

"ஓம்."

"பிறகு?"

"அறை மாறிப் போச்சு."

"மாறினா எழும்பி வாறதுதானே?"

"வெக்கமாக் கிடந்தது."

அம்மா துணியைப் பிழிந்தபடியே நின்றார். "தமிழிலையே வாய் திறக்காத பிள்ளை இன்னொரு பாஷை படிக்கப் போகுது. நல்ல பகிடி!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குள் எனக்கு அந்த வகுப்பு பிடித்துப் போயிருந்தது.

அதற்குச் சிஸ்டர்தான் காரணம். அவர் எங்கள் பக்கத்து மனிசிதான். மடத்தில் சேர்ந்து, ஸ்பெயினில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று அந்த வகுப்பைத் தொடங்கினார். பிரெஞ்சு வகுப்பில் உட்கார இடம் இருக்காது. எங்களிடம் வாங்குகள் பாதி வெறுமையாகக் கிடந்தன. அந்த வெறுமையான வாங்குகளைக் காட்டித்தான் அவர் முதல் பாடத்தையே தொடங்கினார்.

"இதுக்குத் தமிழிலை என்ன?"

"வாங்கு."

"ஸ்பானிஷிலை பாங்கோ. இது?"

"மேசை."

"மேசா. காலிலை போடுறது?"

"சப்பாத்து."

"சபாத்தோ. காலமை கடையிலை வாங்கித் தின்னுறது?"

"பாண்!" என்று வகுப்பே கத்தியது.

"பான். பாத்தியளோ, உங்கடை வீட்டிலை பாதி ஸ்பானிஷ் கிடக்கு."

முன்னொரு காலத்தில் எங்களை ஆண்ட போர்த்துக்கேயர் ஸ்பெயின்காரரின் அயல் வீட்டுக்காரர் என்றும், அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான் இவை என்றும் விளக்கினார். அன்று வீட்டுக்கு வந்து கோப்பை, அலுமாரி, மேசை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். அவை எல்லாம் என்னைவிட அதிக தூரம் பயணம் செய்தவை போலத் தெரிந்தன.

வகுப்பில் ஒரு கப்பல்காரர் இருந்தார். வடமராட்சிக் கரையோர ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். தென்னமெரிக்கத் துறைமுகங்கள் எல்லாம் போய்விட்டு வந்து, எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்து இருந்தார். மறுபடி கப்பல் ஏறும் நோக்கம். அவருக்குத் துறைமுக ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். பிழையாகப் பேசுவதற்குத் துளியும் கூச்சமில்லை. ஒருநாள் தான் இருந்த கதிரையின் கால் ஆடுகிறது என்று சொல்ல எழும்பி, "சிஸ்டர், என்ரை கதேரா உடைஞ்சு போச்சு" என்ற பொருளில் ஸ்பானிஷில் முழங்கினார்.

"இடுப்பு உடைஞ்சா ஆஸ்பத்திரிக்கெல்லோ போகவேணும்? இஞ்சை ஏன் நிக்கிறியள்?" என்றார் சிஸ்டர். எங்கள் கதிரை அந்த நாட்டில் இடுப்பாம். கப்பல்காரர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் எல்லாச் சொல்லையும் பாடமாக்கினேன். வாழைக்குத் தண்ணீர் கட்டும்போது வினைச்சொற்களை வரிசையாகச் சொல்லுவேன். வாழைக்கு முன்னால் எனக்கு வெட்கம் இல்லை. வகுப்பில் சிஸ்டர் கேட்டால் மட்டும் சொல் வாயிலேயே நின்றுவிடும்.

விடைபெறும் பாடம் வந்த நாளை மறக்க முடியாது. சிஸ்டர் கரும்பலகையில் "அதியோஸ்" என்று எழுதி, போகும்போது இப்படிச் சொல்ல வேண்டும் என்றார். "போறன் எண்டுதானே கருத்து?" என்று கப்பல்காரர் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றார் சிஸ்டர். கப்பல்காரர் தலையை ஆட்டினார்.

"சிஸ்டர், குறை நினைக்காதையுங்கோ. இருக்கிற நிலைமையிலை வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை ஆரும் போறன் எண்டு சொல்லுறேல்லை. எங்களுக்கு அது வாயிலை வராது."

சிஸ்டரும் யாழ்ப்பாணத்தவர்தானே. அவருக்கு அது விளங்கியது. பிறகு அதியோஸை அழித்துவிட்டு, "அப்ப எங்கடை முறையிலை சொல்லுவம். போய் இ பெங்கோ. போறன், வாறன்" என்று எழுதினார். அங்கேயும் 'போய்' வருகிறதே என்று எங்களுக்கு ஒரே சந்தோசம். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் சைக்கிளை எடுக்கும்போது ஒவ்வொருவரும் "போய் இ பெங்கோ, சிஸ்டர்!" என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் தாண்டுவோம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் சத்தமாகச் சொல்லுவேன். நான் சத்தமாகச் சொன்ன ஒரே ஸ்பானிஷ் அதுதான்.

தொடக்க வகுப்பு முடியும் காலம் வந்தது. இடைநிலை வகுப்புக்கு ஏற ஒரு வாய்மொழிச் சோதனை வைக்கப்போவதாகச் சிஸ்டர் அறிவித்தார். வெளிநாட்டு வைத்தியக் குழுவோடு வந்து ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஸ்பெயின் நாட்டு நேர்ஸ் எங்களைச் சோதிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. முதலில் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா கணக்காகச் சொல்லிவிட்டார். "இவ்வளவு காலம் போய் வந்தாய், நான் மறிக்கேல்லை. இந்தச் சோதினையிலை மேல் வகுப்புக்கு ஏறினா தொடர்ந்து போ. ஏறாட்டி வீட்டோடை நில். தோட்டத்துக்கு ஆள் வேணும். வாய் திறக்காமல் இருக்கிறதுக்கு அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கத் தேவையில்லை."

அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகுப்பு இல்லாத ஒரு கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் பெயர், என் ஊர், எங்கள் வீடு, எங்கள் வாழைத் தோட்டம் என்று ஏழெட்டு வரியில் ஒரு பந்தியை எழுதிப் பாடமாக்கினேன்.

சோதனை நாளில் எல்லோரும் வேப்பமர நிழலில் நின்றோம். காத்து நின்றால் நான் பயந்துவிடுவேன் என்று தெரிந்த சிஸ்டர், என்னை முதலாவதாக உள்ளே அனுப்பினார். நேர்ஸ் பெரிய உடம்பும் குட்டை மயிருமாக, விசிறியால் விசுக்கிக்கொண்டு இருந்தார். நான் பாடமாக்கிய பந்தியை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோட்டம் என்றதும் அவருக்கு ஆவல் வந்துவிட்டது. கதிரையை முன்னால் இழுத்து, உங்கள் தோட்டத்தில் என்னென்ன வாழை நிற்கிறது, ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

கேள்வி முழுவதும் விளங்கியது. விடையும் தெரியும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. விசிறி நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்குப் பழகிய ஒன்றே ஒன்று வாயிலிருந்து வந்தது.

"போய் இ பெங்கோ, சென்யோரா."

வெளியே வந்து நேரே சைக்கிளை எடுத்தேன். "முடிஞ்சுதோ தங்கச்சி?" என்று கப்பல்காரர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு மிதிக்கத் தொடங்கினேன். வழி முழுக்க அழுகை.

அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மிளகாயைப் பரப்பத் தொடங்கினார். அது இன்னும் கவலையாக இருந்தது. நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவி முடிக்கவில்லை, படலையில் சைக்கிள் மணி கேட்டது. கப்பல்காரர் வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"தங்கச்சி, நீர் என்ன வேலை பாத்தனீர்? அந்த மனிசி உமக்காகக் காத்துக்கொண்டிருக்குது!"

"ஏன்?"

"ஏனோ? போறன், உடனை வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீராம். அவையின்ரை ஊரிலை அப்பிடிச் சொன்னா உண்மையா உடனை வரவேணுமாம்! தோட்டத்தைப் பற்றிக் கேட்டதாலை, நீர் ஏதோ எடுக்கப் போயிட்டீர் எண்டு மனிசி நினைச்சிட்டுது. அந்தப் பிள்ளை வரட்டும் எண்டு எங்களை ஒருத்தரையும் உள்ளை விடுதில்லை. எல்லாரும் வேம்புக்குக் கீழை காயிறம்!"

"நான் வரேல்லை அண்ணை. சிஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு ஏலாது."

அப்போதுதான் அம்மா மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். "என்னெண்டு சொல்லிப்போட்டு வந்தனீ?"

"போட்டு வாறன் எண்டு."

"வாறன் எண்டு சொன்னனியோ?"

"அது சும்மா சொல்லுறதுதானே அம்மா."

"ஆர் சொன்னது சும்மா எண்டு?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "வாறன் எண்டு சொன்னா வரவேணும். அதுக்குத்தானே அப்பிடிச் சொல்லுறது. முகத்தைத் துடை. வெளிக்கிடு."

என்னை வீட்டோடு நிற்கச் சொன்ன அதே அம்மாதான். கொட்டிலுக்குள் போய், கதலியில் ஒரு சீப்பு, இதரையில் ஒரு சீப்பு, பழுக்காத மொந்தனில் ஒரு சீப்பு வெட்டிப் பனையோலை உமலில் வைத்தார். "காக்க வைச்ச வீட்டுக்கு வெறுங்கையோடை போகப்படாது" என்று அதை என் சைக்கிள் கைபிடியில் கொழுவினார்.

நான் உமலோடு அறைக்குள் நுழைந்ததும் நேர்ஸ் கை தட்டினார். அவர் நினைத்தது சரியாகிவிட்டதே! சிஸ்டர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் மூன்று சீப்பையும் மேசையில் வைத்தேன்.

பழம் முன்னால் இருந்ததும் வாய் தானாகத் திறந்தது. இது சின்னது, நல்ல இனிப்பு. இது கொஞ்சம் பெரியது, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவது. இது இனிப்பு இல்லை, கறிக்கு. அவர் மொந்தனை உரிக்கப் போனார். "நோ, நோ, சென்யோரா!" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிறகுதான் யாருடைய கையைப் பிடித்தேன் என்று உணர்ந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எப்படிச் சமைப்பது என்று கேட்டார். தோல் சீவுவது, வெட்டுவது, தேங்காய்ப்பால் விடுவது எல்லாம் பாதி சொல்லாலும் பாதி கையாலும் சொன்னேன். குலை பாரமானால் மரம் சாயாமல் தடி கொடுப்போமே, அதற்குச் சொல் தெரியவில்லை. "மரம் ஒரு கிழவி. கிழவிக்கு ஒரு பொல்லு" என்றேன். அவர் விளங்கிக்கொண்டு, தானே கிழவி போலக் குனிந்து காட்டினார். வினைச்சொல் எத்தனை பிழைத்ததோ தெரியாது. ஒரு கதலிப்பழத்தை அவர் தின்று முடிக்க, இன்னொன்றை நானே உரித்துக் கொடுத்தேன்.

போகலாம் என்று அவர் சைகை காட்டினார். எழும்பினேன். இப்போது என்ன சொல்லி விடைபெறுவது? போய் இ பெங்கோ என்றால் மறுபடி காத்திருப்பார். வேறு வழி தெரியாமல், சிஸ்டர் அன்று அழித்த சொல்லையே சொன்னேன்.

"அதியோஸ், சென்யோரா."

"ஐயோ தங்கச்சி!" என்று யன்னலுக்கு வெளியே இருந்து கப்பல்காரரின் குரல் கேட்டது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவ்வளவு நேரமும் யன்னலில்தான் இருந்திருக்கிறார்கள்.

நேர்ஸ் தலையை ஆட்டி மறுத்தார். சிஸ்டரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "அஸ்தா மன்யானா" என்றார்.

"நாளைக்குச் சந்திப்பம் எண்டு சொல்லுறா," என்றார் சிஸ்டர். "நாளைக்கு இடைநிலை வகுப்புத் தொடங்குது. முதல் நாள் தானும் வந்து இருக்கப்போறாவாம்."

எனக்கு அது விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் சிஸ்டரிடமோ நேர்ஸிடமோ நன்றிகூடச் சொல்லாமல் வெளியே ஓடினேன். இந்த முறை ஓடியது அம்மாவிடம் சொல்வதற்கு. அம்மா கேட்டுவிட்டு, "உமலைக் கொண்டந்தியோ?" என்றார். கொண்டுவரவில்லை. "சரி, நாளைக்குப் போகேக்கை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டு மிளகாயை அள்ளப் போனார்.

மறுநாள் இடைநிலை வகுப்பின் முதல் பாடம், நடந்து முடிந்ததைச் சொல்வது. நேர்ஸ் என் உமலை மடியில் வைத்துக்கொண்டு முன் வாங்கில் இருந்தார். நேற்று என்ன செய்தீர்கள் என்று சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. எழும்பினேன். வெட்கம் போகவில்லை. ஆனாலும் கடைசி வாங்குவரை கேட்கும்படி ஸ்பானிஷில் சொன்னேன்:

"நேற்று நான் போனேன். வந்தேன்."