இலைக்குக் கிளிப் மாட்டிய மூன்று வருடங்கள்

இலையை அளக்கிற வேலையில் இலையால் ஒரு தொந்தரவும் கிடையாது, பக்கத்தில் வந்து நின்று "இன்னா பண்ற?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பாதி வேலை. உங்களுக்கும் இந்த அவஸ்தை இருந்திருக்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது "என்ன உத்தியோகம்?" என்று கேட்க, ஒரே வார்த்தையில் சொல்ல முடியாமல் எச்சில் விழுங்கிய அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் என் இனம். டீச்சர், நர்ஸ், பேங்க் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்திக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் வேலை இதுதான். உயிரோடு செடியில் இருக்கிற இலைக்கு ஒரு சின்ன கிளிப் மாட்டுவேன். அது இலையில் ஒரு பொட்டளவு இடத்துக்கு வெளிச்சம் படாமல் மூடிவிடும். இருபது நிமிடம் காத்திருந்து, கருவியை அதன்மேல் வைத்து ஒரே ஒரு நொடி பளிச்சென்று விளக்கடிப்பேன். இலை தான் வாங்கிய வெளிச்சத்தில் துளியூண்டைச் சிவப்பாகத் திருப்பி விடும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதை வைத்து இலை வெளிச்சத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று கணக்குப் போடலாம். நல்ல நிலையில் இருக்கும் இலை என்றால் எண் 0.8-ஐ ஒட்டி வரும்.

எட்டு வருட இடைவெளி

தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு எனக்கு நிக்காஹ் ஆனது. எட்டு வருடம் கழித்து அந்த வாழ்க்கை முறிந்து, மகளை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்கே திரும்பினேன். இங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். சான்றிதழில் இருக்கிற வருஷத்தையும் காலண்டரையும் பார்த்துவிட்டு நடுவில் என்ன செய்தாய் என்று கேட்பார்களே, அதற்கு வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று விதமாகப் பதில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

நேர்காணல் செய்த சங்கீதா மேடம் என்னைவிட மூன்று வயது சின்னவர். அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. "வெயில்ல நிப்பீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார். நிற்பேன் என்றேன். மறுநாளே கிளிப் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம், மறந்துபோன பாடத்தைத் திரும்பச் சொல்லித் தந்தார். இலைக்குள் பச்சையம் பொதிந்த புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. சில வெளிச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஒரு கூட்டம் அந்த வெளிச்சத்தை வைத்துத் தண்ணீரையே பிளக்கும். அதன் நடுவில் இருக்கும் ஒரு புரதம் வெயிலில் அடிக்கடி பழுதாகிவிடும். இலை அதை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்து அதே இடத்தில் பொருத்தும். நாள் பூராவும் இந்தப் பழுது பார்ப்பு நடந்துகொண்டே இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை கோடி வருஷமா இருக்கே மேடம், ஒடையாத மாதிரி ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மேடம் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஒடையற எடத்துலதான்க்கா வேலையே நடக்குது."

சேலை முந்தானையில் நாற்பது கிளிப்

எங்கள் ஆராய்ச்சி வேர்க்கடலையில். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஏழுமலை என்பவர் தன் நிலத்தில் அளக்க அனுமதி கொடுத்தார். முதல் நாள் காலையில் நாற்பது இலைகளுக்குக் கிளிப் மாட்டிவிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு கிளிப்கூட இல்லை.

வரப்பில் ஏழுமலை அண்ணனின் மனைவி பச்சையம்மாள் நின்றுகொண்டிருந்தார். முந்தானை முடிச்சு கனமாகத் தொங்கியது. அவிழ்த்து என் கையில் கொட்டினார். நாற்பதும் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. "ரோடு போட அளக்க வந்தியா, கம்பெனிக்கு அளக்க வந்தியா?" என்று கேட்டார். பக்கத்து ஊரில் இப்படித்தான் யாரோ வந்து அடையாளம் வைத்துவிட்டுப் போக, ஆறு மாதத்தில் நிலம் கையை விட்டுப் போனதாம். நான் இலையைத்தான் அளக்கிறேன், நிலத்தை இல்லை என்று அரை மணி நேரம் சொன்னேன். அவர் கையாலேயே ஓர் இலையில் கிளிப் மாட்டச் சொல்லி, இருபது நிமிடம் காத்திருந்து, விளக்கடித்து, எண்ணைக் காட்டினேன். 0.81. நல்ல இலை என்றேன். அதற்கு அவர்:

"எங்க எலை நல்ல எலைன்றது எங்களுக்குத் தெரியும்மா. நீ நல்ல பொண்ணான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

மேகம்

நடு மதியத்தில் மல்லாட்டை இலைகள் வெயிலுக்கு முகம் காட்டாமல் மடங்கி நிற்கும். வெளியே மடிகிறதைப் போல உள்ளேயும் ஓர் ஏற்பாடு உண்டு. தேவைக்கு மேல் வெளிச்சம் வந்தால், வெளிச்சம் பிடிக்கும் புரதங்கள் அதைத் தண்ணீர் பிளக்கிற இடத்துக்கு அனுப்பாமல் சூடாக்கி வெளியே விட்டுவிடும். உள்ளே சேதம் ஆகாமல் இருக்கத்தான் இது. ஆனால் ஒரு மேகம் குறுக்கே வந்து வெளிச்சம் கம்மியானால், உடனே அதை நிறுத்தத் தெரியாது. பல நிமிடங்களுக்கு வெளிச்சத்தை வீணாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உணவு தயாரிப்பும் குறைந்துபோகும். எந்த ரகம் சீக்கிரம் சுதாரித்துக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

ஆகவே, மற்றவர்கள் மழைக்கு மேகம் பார்த்தால் நான் அளவுக்கு மேகம் பார்ப்பேன். ஒரு நாள் அப்படிக் காத்திருந்தபோது எனக்கு நோன்பு வேறு. ஏழுமலை அண்ணன் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தவர், நான் குடிக்க மாட்டேன் என்று தெரிந்ததும் தானும் குடிக்காமல் மோட்டார் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஒரு மேகம் வந்தது. ஓடி ஓடி அளந்தேன். மேகம் போய்ப் பத்து நிமிடம் கழித்து, இந்த விஷயத்தை எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் அவருக்குச் சொன்னேன். புரிந்திருக்காது என்று நினைத்தேன். செடிகளைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"மனுசன் மட்டும் இன்னாவாம்? மழ நின்னப்புறமும் நாலு தெரு குடை புடிச்சிக்கினுதான போறான்."

கோப்பு உறையில் வந்த இலை

எங்கள் கருவியின் புகழ் எப்படியோ ஊரை ஒட்டிய வேங்கிக்கால் வரை பரவிவிட்டது. புது வீடு கட்டிக் குடியேறிய, ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், பிளாஸ்டிக் கோப்பு உறைக்குள் ஒரு தொட்டிச் செடியின் இலையை வைத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார். இலை வெளுத்து, நடுவில் கருகியிருந்தது. ஏதோ நோய், மருந்து எழுதிக் கொடுங்கள் என்றார். நானும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அளந்தேன். 0.8-இல் பாதிகூட வரவில்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. இரண்டு வருடமாக ஹாலில், ஜன்னல் ஓரத்தில் இருந்த செடியை, பாவம் காற்று வாங்கட்டும் என்று ஒரே நாளில் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். நிழலில் வளர்ந்த இலை, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க ஏராளமான புரதங்களை விரித்து வைத்திருக்கும். அதன் தலையில் சித்திரை வெயிலைக் கொட்டினால் தாங்காது. இந்த இலை இனித் தேறாது, செடியை நிழலுக்குக் கொண்டுபோய், நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள், புது இலை வெயிலுக்குப் பழகியே வரும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இலையை மறுபடியும் பத்திரமாக உறைக்குள் வைத்தார்.

"எனக்கு டிரான்ஸ்பர் போட்டப்ப ஜாயின் பண்ண ஒரு வாரம் டைம் குடுத்தாங்கம்மா. நான் இதுக்கு ஒரு நாள்கூடக் குடுக்கல."

பெட்டிக்குள் என்ன?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம், பெரிய மரங்களின் கீழே முளைத்த செடிகளையும் கொஞ்ச நாள் அளந்தோம். தேதியைக் குறிக்கும்போது பௌர்ணமி என்று பார்க்காமல் விட்டது என் மடத்தனம். சாயங்காலம் நான்கு மணிக்கே ஜனம் நகர ஆரம்பித்துவிட்டது. கறுப்புப் பெட்டியும் ஒயரும் கையுமாக, புர்காவில் ஒருத்தி புதருக்குள் குனிந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு பெண் காவலர் வந்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகப் போட்டுத் திருகினேன், பூட்டு திறக்கவில்லை. அவரே தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மெதுவா திறங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கிளிப்பைப் பார்த்ததும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. மேலே மரம் அசைய அசைய, கீழே இருக்கிற செடிக்கு வெளிச்சம் வந்து வந்து போகும். வெளிச்சத்தின் தன்மையும் மாறும். இலைக்குள் வேலை நடக்கிற மையங்கள் இரண்டு. ஒன்றுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் வெளிச்சம் போனால், வெளிச்சம் பிடிக்கும் புரதங்களில் சில முதல் மையத்தை விட்டு நகர்ந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வாக்கி டாக்கி கரகரத்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டே கிளம்பினார்.

"இங்கயும் அதே கததான் மேடம். அந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தின்னா, எங்களத் தூக்கி அங்க போட்ருவாங்க."

தப்பான எண்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டாம் வருடம் ஒரு வாரம் முழுக்க ஏழுமலை அண்ணன் நிலத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. 0.7, 0.65, 0.6. என்னம்மா வருது என்று அவர் கேட்டபோது, செடிக்கு ஏதோ கஷ்டம் இருக்கிற மாதிரி தெரிகிறது என்று வாயை விட்டுவிட்டேன். செடி பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் கருவி சொல்கிறது, படித்த பொண்ணு சொல்கிறது என்று அவர் முகம் மாறிவிட்டது. அந்த வருடம் அவர்கள் நம்பியிருந்ததே அந்த ஒரு போகத்தைத்தான்.

மறுநாள் மதியம் சங்கீதா மேடம் எண்களைப் பார்த்தார். ஒரு கிளிப்பைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு தேய்ந்து, ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இலைக்கு இருட்டே கிடைக்கவில்லை. அப்படி இருந்தால் எண் குறைவாகத்தான் காட்டும். வாரா வாரம் பஞ்சைச் சோதிக்க வேண்டியது என் பொறுப்பு. நான் சோதிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. காலையில் முதல் பஸ் பிடித்தேன்.

நிறுத்தத்திலிருந்து நிலம் ஒரு கிலோமீட்டர். தூரத்திலிருந்தே வரப்பில் டிரம் தெரிந்தது. அண்ணன் மருந்து கலந்துகொண்டிருந்தார், ஸ்ப்ரேயர்காரர் தோளில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். ஓடினேன். "அண்ணா, அடிக்காதீங்க! செடிக்கு ஒண்ணுமில்ல, தப்பு என்னோடது!" என்று கத்திக்கொண்டே ஓடியதில் செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன். என் பேச்சை நம்பி இத்தனை ஏற்பாடு செய்தவர், இனி இந்தப் பக்கம் வராதே என்று சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியவள்தான். அவர் கலக்கிக்கொண்டிருந்த கோலைக் கீழே வைத்தார். டிரம்முக்கு மூடி போட்டார்.

"செடிக்கு ஒண்ணுமில்லன்னா சரி, வுடு. போயி மொதல்ல உன் கிளிப்புக்கு வைத்தியம் பாரு."

நன்றிப் பக்கம்

மூன்றாம் வருடம் எங்கள் கட்டுரை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஏற்கப்பட்டது. எட்டு வருடம் வீட்டில் இருந்தவளின் பெயர், ஆசிரியர்கள் வரிசையில் மூன்றாவதாக இருந்தது. அச்சுக்குப் போகும் முன் திருத்தம் பார்க்கும் பிரதியை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில், நிலத்தில் அளக்க அனுமதித்த விவசாயி ஏழுமலைக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை நானே எழுதியிருந்தேன். அண்ணனிடம் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். பச்சையம்மாள் அக்கா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். களை எடுத்தது, தண்ணீர் கட்டியது, நான் வராத நாள்களில் ரகத்துக்கு ஒன்றாக நான் நட்டிருந்த அடையாளக் குச்சிகளை மாடு தள்ளாமல் காவல் காத்தது எல்லாம் அவர்தான். "எம்பேரு எங்க கீது?" என்றார். "நெலமும் அவரு பேர்ல, நன்றியும் அவரு பேர்லயா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கல்லூரிக்கு வந்து சொன்னதும் சங்கீதா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து எழுதின கட்டுரையிலயே ஒரு பொம்பள பேரு விட்டுப்போச்சேக்கா!" என்றார். அன்றைக்கே திருத்தம் அனுப்பினோம். அச்சான பிரதி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் பெயர் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு உன் பெயர் எங்கே என்றார். முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை திருப்பினார்.

"நீ தலமாட்டுல கீற, நான் கால்மாட்டுல கீறேன். பரவால்ல, ரெண்டு பேரும் ஒரே காயிதத்துல கீறோம்."

ஆகக்கூடி, மூன்று வருடம் வெயிலில் நின்று நான் உறுதியாகக் கண்டுபிடித்தது, இலையிடம் கேட்டால் ஓர் எண்தான் கிடைக்கும், இலைக்குச் சொந்தக்காரரிடம் கேட்டால் மோரும் திட்டும் சேர்ந்தே கிடைக்கும், இரண்டுமே என் உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொண்டன என்பதுதான்.